அதைவிடப் பெரிய கதை

ஆறுதல் சொல்லத் தெரியாத ஒரு மனுஷியை எனக்குத் தெரியும்.

இரத்தினபுரி மாவட்டத்தில், ஓப்பநாயக்கவிலிருந்து மலைப்பக்கம் ஏறினால், ஆட்டோக்காரர்கள் “இதுக்கு மேல வண்டி ஏறாதுங்க” என்று இறக்கிவிடும் இடம் ஒன்று வரும். அதற்கும் மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே, வரிசையாக ஒற்றை அறைகள் கட்டிய லயம் ஒன்றின் கடைசிக் காம்பரா அவருடையது. அதற்கு முந்தினது, சில மாதங்களுக்கு மட்டும், எங்களுடையது. கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. ஒரே மகன், கொழும்பில் ஏதோ கடையில் வேலை. நான் அவரை அக்கா என்பேன். என் பிள்ளைகள் பெரியம்மா என்பார்கள்.

ஒருவர் பயந்துபோய் வந்து நின்றால் மற்றவர் என்ன சொல்வார்? “ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க” என்பார். உலகம் முழுக்க அதுதான் வழக்கம். அக்காவிடம் அந்த வாக்கியம் கிடையாது. நீங்கள் கொண்டுபோகிற பயத்தை அவர் பொறுமையாகக் கேட்பார். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றுவார். பிறகு “இது என்னாங்க தம்பி” என்று ஆரம்பித்து, அதைவிடப் பெரிய பயம் ஒன்றை உங்கள் தலையில் இறக்கிவைப்பார். நீங்கள் வீடு திரும்பும்போது உங்கள் சொந்தப் பயத்தைத் தேட வேண்டியிருக்கும்.

நானோ பயப்படுவதில் கைராசிக்காரன். ஒன்று கேட்டால் இரண்டாக எடுத்துக் கொடுப்பேன். அப்படிப்பட்டவன் அப்படிப்பட்டவருக்குப் பக்கத்துக் காம்பராவில் போய் விழுந்ததை விதி என்பதா, நகைச்சுவை என்பதா, இன்னும் எனக்குத் தெரியவில்லை.

விழுந்த கதை இதுதான். ரியாத்தில் ஒரு குளிரூட்டிக் கடையில் உதிரிப்பாகங்களுக்குக் கணக்கு வைத்துக்கொண்டிருந்தேன். கலியாணம் தாமதம், பிள்ளைகள் அதைவிடத் தாமதம். தலையில் நரையும் வீட்டில் பால்போத்தலும் ஒன்றாக வந்தன. மகளுக்கு ஆறு வயதும் மகனுக்கு நாலு வயதும் ஆனபோது, திருகோணமலைக்காரியான என் மனைவி ஒரு நாள் சொன்னாள்: “இந்தப் பிள்ளைகள் கண்ணாடிக்குப் பின்னால வளருதுகள். எங்கட ஊருக்குப் போவம். கடலடியில வீடு இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு. இனி என்ன?” இனி என்ன என்பதற்கு என்னிடம் நிறையப் பதில்கள் இருந்தன. ஒன்றும் எடுபடவில்லை.

வேலையை விட்டேன். முதலாளி நல்ல மனிதர். “ஹஜ்ஜுப் பெருநாள் வரை உன் நாற்காலியில் யாரையும் உட்கார வைக்கமாட்டேன். பிழைக்க முடியாவிட்டால் குடும்பத்தோடு திரும்பி வா” என்றார். அந்த நாற்காலியை நான் மனதுக்குள் மடித்து எடுத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

வந்து பார்த்தால், கடலடி வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் எழும்பவில்லை. அடுத்த மாதம் என்றார்கள், அதற்கடுத்த மாதம் என்றார்கள். அதுவரை எங்கே இருப்பது? நான் பிறந்த தோட்டத்தில் என் அண்ணனின் காம்பரா பூட்டிக் கிடந்தது, அவரும் கொழும்பில்தான். சாவியை அனுப்பினார். பாலைவனத்திலிருந்து கடலுக்குப் புறப்பட்ட நாங்கள், வழியில் மழைக்குள் மாட்டிக்கொண்டோம்.

முதல் நாளே மகளின் காலில் அட்டை. நான் பிறந்தது அதே மண்தான் என்றாலும், சிறு வயதிலேயே கொழும்புக்குப் படிக்கப் போனதில் அட்டையை மறந்துவிட்டேன். அட்டை எங்கள் குடும்பத்தை மறக்கவில்லை. மகள் அழுதாள். நான் அதைவிட உயர்ந்த சுருதியில் அலறினேன். பக்கத்துக் கதவு திறந்தது. கையில் ஈரச் சவுக்காரத்தோடு அக்கா வந்தார். அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். யாருக்கு முதலில் வைத்தியம் என்று யோசித்திருக்க வேண்டும்.

“இது என்னாங்க தம்பி, கால்லதானே ஏறியிருக்கு. எங்க கொழுந்தனாரு ஓடையில வாய வச்சித் தண்ணி குடிச்சாரு. மூக்குக்குள்ள ஏறிக்கிச்சி. அவருக்குத் தெரியல. தடிமன்னு நெனச்சி, மல்லி அவிச்சி அவிச்சிக் குடிச்சிக்கிட்டே இருந்தாரு. உள்ளுக்க அதுவும் குடிச்சிக்கிட்டே இருந்துச்சி.”

மகள் அழுகையை நிறுத்திவிட்டுத் தன் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். கால் அட்டையை அக்கா எப்போது எடுத்தெறிந்தார் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. நான் அன்று முழுவதும் வாயால் மூச்சு விட்டேன்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் திரும்பிப் போக ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தேன். நியாயமான, கம்பீரமான, மனைவியால் மறுக்க முடியாத ஒரு காரணம். ஒவ்வொரு பயத்தையும் துடைத்து மெருகேற்றி அவளிடம் கொண்டுபோய் வைப்பேன். அவள் யோசிக்க ஆரம்பிப்பாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒரு கதை வரும். என் பயம் ஈரத்தில் விட்ட சீனிக்கட்டிபோல ஆகிவிடும்.

கூரை ஒழுகியது. சட்டி, பானை, மகனின் தொப்பி எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டு, “இப்படி ஒரு வீட்டில் பிள்ளைகளை வைத்திருக்கலாமா?” என்று மனைவியிடம் உருக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா வாசலில் நின்று மேலே பார்த்தார்.

“இது என்னாங்க தம்பி, சொட்டுதானே. எங்க தங்கச்சி கலியாணத்தன்னிக்கி, தாலி கட்டுற நேரம், காத்துக்குத் தகரம் மொத்தமும் பறந்துருச்சி. மேல பாத்தா வானம். ஐயரு ஒரு கையில கொடையப் புடிச்சிக்கிட்டு மந்திரம் சொன்னாரு. தகரம் போய் எங்க விழுந்துச்சின்னா, மாப்புள வூட்டுக்காரங்க வந்த வேன் மேல. அவங்களால திரும்பிப் போவ முடியல. வேனு சரியாவுற வரைக்கும் எங்க வூட்டுலதான் சாப்பாடு. அதுக்கு முன்னால இந்தத் தண்ணியெல்லாம் ஒரு செலவாங்க?”

மனைவி சிரித்துச் சிரித்து, நிறைந்த பானையை என் காலில் கொட்டினாள். அன்றைய மனு தள்ளுபடி.

பிறகு மகனுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் என்றால் எனக்கு ஒரே ஒரு காய்ச்சல்தான் தெரியும்: டெங்கு. கீழேயிருந்து ஆட்டோ பிடித்து இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். துணைக்கு அக்காவும் வந்தார். வெளிநோயாளர் வரிசையில் என் முகத்தைப் பார்த்த பக்கத்து சிங்கள அம்மாள், நோயாளி நான்தான் என்று நினைத்து இடம் விட்டார். அக்கா அவருக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். சிங்களம் அவருக்குத் தமிழைப் போலவே தண்ணீர்பட்ட பாடு. கொஞ்ச நேரத்தில் அந்த வாங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

அவருடைய நாத்தனார் குடும்பம் குருவிட்டப் பக்கம் மாணிக்கக் குழியில் வேலை செய்ததாம். ஒரு நாள் அகப்பட்ட கல்லை மேசையில் வைத்துவிட்டு எல்லோரும் சாமி கும்பிட்டிருக்கிறார்கள். கண்ணைத் திறந்தால் கல் இல்லை. மூன்று வயது மகன் வாயை மூடிக்கொண்டு நிற்கிறான். கல்லு முதலாளி கக்கூஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பிள்ளைக்கு அவர் கையாலேயே வாழைப்பழம், பப்பாசி எல்லாம் ஊட்டினாராம். தாய்கூட அப்படிப் பார்த்ததில்லையாம்.

மருந்துச் சிட்டை எழுதிக்கொண்டிருந்த தாதியே நிறுத்திவிட்டு, கல் கிடைத்ததா என்று சிங்களத்தில் கேட்டார்.

“கெடச்சிச்சிங்க மிஸ்,” என்றார் அக்கா, எனக்காகத் தமிழிலும். “வெறும் கண்ணாடிக் கல்லு.”

மகனுக்குச் சாதாரணச் சளித் தடிமன். திரும்பி வரும்போது மனைவி என் காதில் சொன்னாள்: “கவனிச்சீங்களா? அக்காட கதையில கொழுந்தனார் இருக்கிறார், தங்கச்சி இருக்கிறா, நாத்தனார் இருக்கிறா. அக்காவ மட்டும் காணல்ல.”

நான் கவனித்திருக்கவில்லை. கவனித்த பிறகு அது உறுத்தியது. நாங்கள் அவருடைய காம்பராவுக்குள் போய் உட்கார்ந்ததுகூட இல்லை. எப்போது போனாலும் வாசலில் பலகை போட்டு அங்கேயே பேச்சு, அங்கேயே தேத்தண்ணீர். உள்ளே எட்டிப் பார்த்தால் தரை முழுக்கச் சாக்கு விரித்திருக்கும். தரை பெயர்ந்து கிடக்கிறது, வெட்கப்படுகிறார் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

மழை வலுத்தது. எங்கள் சப்பிரகமுவ மாகாணத்து மழையைப் பற்றி அறியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அது பெய்வதில்லை, குடியிருக்கும். கிராம சேவகர் வந்து, “மண்சரிவு அபாயம் இருக்கு, கவனமா இருங்க” என்று லயத்துக்கு லயம் சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் போதாதா? வாசலில் ஆணி அடித்து ஒரு பையை மாட்டினேன். கடவுச்சீட்டுகள், பிறப்புச் சான்றிதழ்கள், பிள்ளைகளின் மருந்து. ஓட வேண்டியது வந்தால் கையை நீட்டினால் போதும்.

மறுநாளே ஓடினேன். மலைப்பக்கம் ‘கடகட’வென்று ஒரு முழக்கம். “மலை வருது! மலை வருது!” என்று நான் கத்திய கத்தலில் லயமே ரோட்டுக்கு வந்துவிட்டது. ஒருவர் முகத்தில் பாதிச் சவரம். வளைவு திரும்பி வந்தது மலை அல்ல. தோட்டத்து உர லொறி. அன்றிலிருந்து எனக்கு ‘சங்கு’ என்று பெயர். தொழிற்சாலைச் சங்கு ஊதினால் வேலைக்கு ஓடுகிறவர்கள் அல்லவா? நான் கடைக்குப் போனால், ஆட்டோ ஓட்டுகிற எதிர் லயத்துத் தம்பி கேட்பான்: “என்னண்ணே, இன்னிக்கி எத்தன மணிக்கு ஊதுறதா உத்தேசம்?”

முகம் வாடி அக்காவிடம் போனேன்.

“இது என்னாங்க தம்பி. முன்ன ஒரு கணக்கப்புள்ள இருந்தாரு. எரும கனைச்ச சத்தத்துக்குச் சிறுத்தன்னு பயந்து, தேயில மலைக்குள்ள பூந்து, குளவிக் கூட்டுல கால வச்சாரு. மொகம் பூசணிக்கா மாதிரி வீங்கி, அவரு பொண்டாட்டியே யாருன்னு கேட்டுருச்சி. நீங்க ரோட்டுக்குத்தானே ஓடுனீங்க?”

ஓரளவு நிமிர்ந்து வீடு திரும்பினேன்.

ஒரு நாள் காலை, தண்ணீர் எடுக்கப் பீலிக்குப் போனேன். லயத்துக்கு மேலே மலை ஊற்றிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டும் இடம் அது. குளிப்பு, துவைப்பு, சண்டை, சமாதானம் எல்லாம் அங்கேதான். மகளும் என் சாரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். குழாயைப் பார்த்தேன். அத்தனை மழைக்கு நியாயமாகப் பொங்கிக் கொட்ட வேண்டிய பீலி, நூல்போல ஒழுகிக்கொண்டிருந்தது. நிறம், பால் கலக்காத பிளேன்டீ நிறம்.

“தண்ணி செவப்பா வருது!” என்று கத்தினேன். “ஐயோ, இங்க பாருங்க! கொறைஞ்சிபோச்சி, செவப்பா வருது!”

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். “மழைக்குத் தண்ணி கலங்காம, பாலாட்டமா வரும்?”

பல் துலக்கிக்கொண்டிருந்த ஆட்டோத் தம்பி வாயில் நுரையோடு அறிவித்தான்: “சங்கு ஊதிருச்சிடோய்! எல்லாரும் வேலைக்குப் பேர் போட வாங்க!”

சத்தம் கேட்டு அக்கா வந்தார். நான் மூச்சு வாங்கச் சொன்னேன். சொல்லிவிட்டு, அந்த “இது என்னாங்க தம்பி”க்காகக் காத்திருந்தேன். எந்தக் காலத்திலோ பீலியில் இரத்தமே வந்திருக்கும், முதலை வந்திருக்கும், ஏதாவது வந்திருக்கும். கேட்டுவிட்டு நிம்மதியாகப் போகலாம்.

அக்கா குழாயின் கீழே கையை நீட்டினார். உள்ளங்கையில் தேங்கிய மண்ணை விரலால் தடவினார். தலையைத் தூக்கி, லயத்துக்கு மேலே இருந்த சரிவை நெடுநேரம் பார்த்தார். பிறகு குனிந்து என் மகளின் கன்னத்தைத் தொட்டார்.

“ஒண்ணும் இல்ல கண்ணு,” என்றார். “பயப்படாத.”

பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது. யாருடைய கையிலிருந்தோ ஒரு மூடி நழுவிக் கல்லில் உருண்டது. ஆட்டோத் தம்பி நுரையைத் துப்பக்கூட இல்லை, “அம்மா!” என்று கத்திக்கொண்டே தன் லயத்தைப் பார்த்து ஓடினான்.

நான் அலறியபோது சிரித்த அத்தனை பேரும், அவர் ஆறுதல் சொன்னதும் ஓடினார்கள். அந்த ஊரில் யாரும் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டதில்லை.

அக்கா கதவு கதவாகத் தட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு வாசலிலும் அதே பேச்சு: “ஒண்ணும் இல்ல, வாங்க. ஒண்ணும் இல்ல, புள்ளயத் தூக்குங்க.” எவரும் ஏன் என்று கேட்கவில்லை. நான் வீட்டுக்குள் பாய்ந்து பையை இழுத்தேன். மனைவி மகளை இடுப்பில் வைத்தாள். மகனை நான் தேடியபோது அவன் ஏற்கெனவே ஆட்டோத் தம்பியின் தோளில் இருந்தான், மறு தோளில் யாருடையதோ இன்னொரு குழந்தை. கீழே ரோட்டோரப் பாடசாலை வரை மழையில் இறங்கினோம். கடைசி ஆளாக, கையில் ஒன்றும் இல்லாமல், அக்கா வந்தார்.

பின்னேரம் மலை வந்தது. அது உர லொறிபோலச் சத்தம் போடவில்லை. பெரிய மிருகம் ஒன்று பெருமூச்சு விட்டுப் படுப்பதுபோல இருந்தது, அவ்வளவுதான். போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள்: ஆட்களுக்கு ஒன்றும் இல்லை, பீலி இல்லை, லயத்தின் அந்தக் கோடி இல்லை. அந்தக் கோடியில் இருந்தவை இரண்டு காம்பராக்கள். எங்களுடையதும் அக்காவுடையதும்.

அப்போதுதான் நான் நெஞ்சோடு அணைத்திருந்த பையை மனைவி வாங்கித் திறந்தாள். உள்ளே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“உயிரக் காப்பாத்துற பை இதா?”

வெங்காயம். ஒரே மாதிரியான இரண்டு பைகள் ரியாத்திலிருந்து வந்திருந்தன. ஒன்று ஆணியில் தொங்கியது, மற்றது அதற்கு நேர் கீழே இருந்தது. அன்று பாடசாலைச் சாம்பாரில் அந்த வெங்காயம்தான் வெந்தது.

முதலாளிக்குச் செய்தி எப்படியோ போய்விட்டது. மறுநாள் விடியவே என் தொலைபேசிக்கு அழைத்தார்; நடந்ததைச் சொன்னேன். “கடவுச்சீட்டு போனால் போகட்டும், புதிது எடுக்கலாம். டிக்கெட் நான் அனுப்புகிறேன். இன்றைக்குள் பதில் சொல், பெருநாள் வருகிறது” என்றார். மனைவியிடம் சொன்னேன். அவள் ஈரத் துணிகளை மேசைகளின் மேல் விரித்துக்கொண்டே கேட்டாள். “இந்தமுறை நான் ஒண்டும் சொல்லமாட்டன். நீங்க சொல்லுறதுதான். போவம் எண்டா போவம்.”

மாதக்கணக்காக நான் தேடிய காரணம் கைக்கு வந்துவிட்டது. மறுக்க முடியாத காரணம், ஒரு மலையளவு. அதைச் சின்னதாக்கக் கூடிய ஒரே ஆள், வகுப்பறை மூலையில் பாய் விரித்துச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். முந்தின நாள் மலை விழுந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதிகாரிகள் வந்து பெயர் கேட்டார்கள், பக்கத்தில் இருந்தவர்கள்தான் சொன்னார்கள். “உசுரு இருக்கே, அது போதும்க்கா” என்று ஆள் மாறி ஆள் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பார்த்தார்கள். கதை வராது என்று தெரிந்ததும் எழுந்து போனார்கள். அவரையும் மிஞ்சிய ஒரு கதை கடைசியில் அவர் மேலேயே விழுந்திருந்தது.

நான் ஒரு கோப்பைத் தேத்தண்ணீரோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன சொல்வது? எல்லோரும் சொன்னதைச் சொன்னால் அவரை அவமதிப்பதுபோல இருக்கும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பயத்தைக் கொண்டுபோய் அவரிடம் கொடுப்பது.

“அக்கா, எங்க பாஸ்போட் எல்லாம் மண்ணுக்குள்ள போயிருச்சி.”

நான் இன்னும் கிட்ட நகர்ந்தேன்.

“பை மாறிப்போச்சிக்கா. வெங்காயத்தக் கட்டிப்புடிச்சிக்கிட்டு ஓடியாந்துருக்கேன். ஆட்டோத் தம்பி பாவம், ‘குடுங்கண்ணே, நான் கொண்டாறேன்’னான். ‘இதுலதான்டா எங்க உசுரே இருக்கு’ன்னு குடுக்கல.”

அவருடைய தோள் குலுங்கியது. ஐயோ, அழ வைத்துவிட்டேனே என்று பதறினேன். மெதுவாகத் திரும்பினார். கண் சிவந்திருந்தது, ஆனால் வாய் வேறு என்னவோ செய்துகொண்டிருந்தது.

“வெங்காயமா?”

“வெங்காயந்தாங்க்கா.”

“நேத்து சாம்பாருல போட்டது?”

“நம்ம பாஸ்போட்டுதான்.”

“அதான் வெளிநாட்டு ருசியா இருந்துச்சி,” என்றார். சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, தேத்தண்ணீரை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

“இது என்னாங்க தம்பி...” என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். கொழுந்தனாரையும் நாத்தனாரையும் தேடுகிறார் என்று நினைத்தேன். இல்லை.

“எங்க காம்பராவுல கீழ சாக்கு கெடந்துச்சே, பாத்தீங்களா?”

“பாத்தேன்க்கா.”

“அதுக்கடியில டைல்ஸுங்க. போன தீவாளிக்கி மவன் போட்டுக் குடுத்தான். வெள்ள டைல்ஸு, ஓரத்துல நீலப் பூ. அழுக்காயிரும்னு சாக்க விரிச்சி வச்சேன். பொங்கலுக்கு எடுப்போம்னு நெனச்சேன். ஆளுங்க வந்து மிதிப்பாங்களேன்னு எடுக்கல. வருசப் பொறப்புக்கு எடுப்போம்னேன், மழ வந்துருச்சி, எல்லாங் கால்ல சேறு. சரி, மருமவ வர்ற அன்னிக்கி எடுப்போம், அந்தப் புள்ள மொதல்ல கால வைக்கட்டும்னு விட்டுட்டேன்.” கோப்பையைக் கீழே வைத்தார். “நானே அதுல நடந்து பாக்கலீங்க தம்பி. மண்ணு வந்து மொதல்ல மிதிச்சிருச்சி.”

அவர் கீழே வைத்த கோப்பையை, கால் படாமல் ஓரமாக நகர்த்தினேன்.

“காம்பராவும் நம்முளுது இல்ல, தோட்டத்துது. அதுக்குப் போயி டைல்ஸு. அதுக்கு மேல சாக்கு. சாக்குக்கு மேல மல.” அவருக்குச் சிரிப்பு முட்டியது, சிரிப்போடு சேர்ந்து அழுகையும். மனைவி துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவரை அணைத்துக்கொண்டாள். என் மகள், “நீலப் பூ எப்பிடிப் பூ பெரியம்மா?” என்று கேட்டாள். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே, கரும்பலகையடியில் கிடந்த சோக்குத் துண்டை எடுத்து வகுப்பறைத் தரையில் ஒரு பூ வரைந்து காட்டினார். அதைச் சுற்றி ஒரு சதுரம் போட்டார். பிள்ளைகள் திரும்பி வந்துவிட்டார்கள். பக்கத்தில் இன்னொரு சதுரம், இன்னொரு பூ. ஆளுக்கொரு சோக்கு.

என் பயத்தைத் தொட்டுப் பார்த்தேன். வெங்காயம் வெங்காய அளவுக்கு வந்திருந்தது. மலைகூடக் கொஞ்சம் தணிந்திருந்தது.

தொலைபேசியை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனேன். ரியாத்தில் நாங்கள் இருந்த மாடிக் கட்டடம் நினைவுக்கு வந்தது. வருஷக்கணக்காக இருந்தும் எதிர்க் கதவில் யார் இருந்தார் என்று எனக்குத் தெரியாது. அங்கே நான் அலறியிருந்தால் காவலாளி வந்து சத்தம் போடாதே என்றிருப்பான். இங்கே என் அலறலுக்குப் பெயரே வைத்திருந்தார்கள். மைதானச் சேற்றில் அந்த ஆட்டோத் தம்பி என் மகனைத் தோளில் வைத்துக்கொண்டு, “சங்கோட மவன் சின்னச் சங்கு, எங்க, ஒரு தடவ ஊதுங்க!” என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். என் மகன் ஊதினான்.

“வரவில்லை,” என்றேன் முதலாளியிடம்.

“உனக்குப் பைத்தியமா? மலை விழுந்திருக்கிறது. பயமாக இல்லையா?”

“பயமாகத்தான் இருக்கிறது.”

“பிறகு?”

“இங்கே பயப்பட வசதியாக இருக்கிறது,” என்றேன். அவருக்கு அது புரிந்திருக்காது. நல்லவர், “பிள்ளைகளைப் பார்த்துக்கொள்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

உள்ளே வந்தேன். மனைவி நிமிர்ந்து பார்த்தாள்; முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். கேட்டவர் அக்காதான்.

“அந்த அரபிக்காரருக்கு என்னா சொன்னீங்க?”

“வரலன்னு சொல்லிட்டேன்க்கா.”

“அப்ப எங்க போவீங்க?”

“எங்கட ஊருக்குத்தான்,” என்றாள் மனைவி. “வாடகைக்கு இருக்கிறவங்க இந்த மாதம் எழும்புறாங்களாம், காலையில சொன்னவங்க. கடலடி, அக்கா. கட்டாயம் நீங்களும் வாறீங்க. மகன் உங்களுக்கு ஒரு இடம் பார்க்கும் மட்டும் எங்களோட இருங்க.”

“கடலா?” என்றார் அக்கா.

அவர் கடலைப் பார்த்ததே இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த மலையைத் தாண்டி அவர் போன தூரம் இரத்தினபுரி. மிஞ்சினால் மகனைப் பார்க்கக் கொழும்பு, அதுவும் போன பஸ்ஸிலேயே திரும்பி. சோக்குக் கையை மடியில் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். கடலைப் பற்றி இவரிடம் கதை இல்லாவிட்டால்? என் கன்னத்தைத் தொட்டு ‘ஒண்ணும் இல்ல’ என்று மட்டும் இவர் சொல்லிவிட்டால், அந்த நிமிஷமே முதலாளிக்குத் திரும்ப அழைப்பது என்று தொலைபேசியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா கோப்பையில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்தார்.

“கடலு என்னாங்க தம்பி,” என்றார். “எங்க சின்னம்மா மவன் ஒருத்தன், காலிப் பக்கம் ஓட்டல்ல சமையலுக்கு இருந்தான். சுனாமி வந்தன்னிக்கி, கையில பொரிக்கிற கரண்டியோட தென்ன மரத்துல ஏறிட்டான். தண்ணியெல்லாம் வடிஞ்சி போயிருச்சி, சனமெல்லாம் எறங்குங்கடான்னு கத்துது. இவனுக்கு அப்பத்தான் நெனவு வருது, பொறந்ததுலருந்து மரம் ஏறுனதே இல்ல, எறங்கத் தெரியாதுன்னு. பக்கத்து மரத்துல பாத்தா...”

நான் பாயில் அவருக்குப் பக்கத்தில் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டேன். மகள் என் மடியில் ஏறினாள்.

“பக்கத்து மரத்துல யாருக்கா?” என்று முதலில் கேட்டது நான்தான்.